நியூகீயின் பீட்னிக்குகள் – கடிதம்

அன்புள்ள சார்,

பழைய பிபிசி காணொளி ஒன்றைப் பார்த்தேன். 1960இல் ஆலன் விக்கர் என்ற செய்தியாளர் எடுத்தது. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில் நியூகீ என்ற கடற்கரை ஊர். ஊர் வழக்கத்துக்கு அடங்காமல் முடி வளர்த்துக்கொண்டு சுற்றும் பையன்களுக்கு அப்போது பீட்னிக் என்று பெயர். அங்கே அவர்களுக்குக் கடைகளில் எதுவும் தர மறுக்கிறார்கள். ஒரு பையன் அதையே கிதாரோடு பாட்டாகப் பாடுகிறான்.

எனக்கு இது வேலைவெட்டி இல்லாத திமிராகத்தான் தெரிகிறது. எல்லாருக்கும் ஒரே மாதிரி தாடி, ஒரே மாதிரி முடி. இதில் கலகம் எங்கே இருக்கிறது? வெள்ளைக்காரப் பையன்கள் அமெரிக்கக் கறுப்பர்களின் ப்ளூஸ் இசையை ஏன் பாட வேண்டும்? ஊர்க்காரர்கள் கோபப்பட்டதில் என்ன தவறு? அந்த இசையில் கேட்கும்படி ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

அந்தப் பையன் விஸ் ஜோன்ஸ். லண்டனுக்குத் தெற்கே க்ராய்டன் பக்கத்துக்காரர், அப்போது 21 வயது. நீள முடி வைத்திருந்தால் நியூகீயில் பிழைப்பு கஷ்டம் என்பதுதான் பாட்டின் பல்லவி. அதில் கோபத்தைவிட நக்கல்தான் அதிகம்.

ஊர்க்காரர்களை நான் வில்லன்களாக்க மாட்டேன். கோடையில் குடும்பத்தோடு வந்து தங்குகிறவர்களை நம்பியிருக்கும் ஊர் அது. அந்தச் சில மாத வருமானத்தில்தான் வருடத்தை ஓட்ட வேண்டும். வாசலில் நாலு தாடிக்காரர்கள் உட்கார்ந்திருந்தால் விடுதி நடத்தும் அம்மாவுக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். சரி, ஆனால் காசை நீட்டுகிறவனுக்கு ஒரு கிளாஸ் பீர் கொடுக்க மறுத்தது எதற்காக? அவன் தலைமுடிக்காக.

முடி ஏன் அவ்வளவு உறுத்தியது என்றால், பிரிட்டனில் அப்போது கட்டாய ராணுவ சேவை இருந்தது. உடல் தகுதியுள்ள பையன்கள் 18 வயதில் போய் இரண்டு வருடம் சீருடை மாட்ட வேண்டும். போனதும் தலையை ஒட்ட வெட்டிவிடுவார்கள். 1960 கடைசியில்தான் புதிதாக ஆள் எடுப்பது நின்றது. அப்பா போருக்குப் போனவர், அண்ணன் சேவை முடித்தவர் என்று வீட்டுக்கு வீடு இருந்த காலம். காலரைத் தாண்டிய முடியைப் பார்த்ததும் ‘இவன் டிமிக்கி கொடுத்தவன்’ என்றுதான் பலருக்குத் தோன்றியிருக்கும் என்பது என் எண்ணம். அணுகுண்டை எதிர்த்து 1958 ஈஸ்டரில் அணு ஆயுத ஆய்வு மையம் இருந்த ஆல்டர்மாஸ்டனுக்கு நடந்தே போன கூட்டத்திலும் இப்படிப்பட்ட தாடிகள் இருந்ததால் சந்தேகம் இன்னும் கூடியது.

பத்திரிகைகள் எண்ணெய் ஊற்றின. அதே 1960 ஜூலையில் ‘தி பீப்பிள்’ என்ற ஞாயிறு இதழ் ‘பீட்னிக் பயங்கரம்’ என்று அலறியது. கூடவே லிவர்பூல் கேம்பியர் டெரஸில் ஒரு அலங்கோலமான வீட்டின் படம். அங்கே குடியிருந்தவர்களில் பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனும் ஒருவர். பின்னால் அவர் பெரிய ஆளானதால் அந்த வீடு சுத்தமாகிவிடாது, அது குப்பையாகத்தான் கிடந்தது. ஆனால் பெருக்காத வீட்டைத் தேசத்துக்கே ஆபத்து என்று எழுத ஒரு தனித் திறமை வேண்டும்.

‘எல்லாருக்கும் ஒரே தாடி’ என்று கேட்டீர்களே, அதில் நான் உங்கள் கட்சி. இசையிலும் அவர்களுக்கு ஒரு சீருடை இருந்தது. பிக் பில் ப்ரூன்சி என்ற ப்ளூஸ் பாடகர் 1951இல் முதல்முறையாக பிரிட்டனுக்கு வந்தார். சிகாகோவில் பியானோ, ட்ரம்ஸ் என்று குழுவோடு இசைத்தட்டுகள் கொடுத்த நகரத்துக் கலைஞர் அவர். ஐரோப்பிய ரசிகர்களுக்கு வேண்டியிருந்ததோ வயலிலிருந்து நேராக எழுந்து வந்த பாடகர். அவரும் ஒற்றைக் கிதாரோடு உட்கார்ந்து அதையே கொடுத்தார். 1958 அக்டோபரில் மடி வாட்டர்ஸ் என்ற இன்னொரு சிகாகோ ப்ளூஸ் பாடகர் எலெக்ட்ரிக் கிதாரோடு வந்தபோது, நாட்டுப்புற ப்ளூஸ் எதிர்பார்த்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். சில வருடம் கழித்து அவர் சாதாரணக் கிதாரோடு திரும்பி வந்தார், அதற்குள் பையன்களுக்கு எலெக்ட்ரிக் பிடித்துப்போய்விட்டது. பாவம் மனிதர்!

கறுப்பர்களின் பாட்டு எதற்கு என்பதற்கு வருகிறேன். லானி டோனகன் என்ற பிரிட்டிஷ் பாடகர் பாடிய ‘ராக் ஐலண்ட் லைன்’ 1956இல் பிரிட்டனில் பெரிய ஹிட். மலிவான கிதார் ஒன்று இருந்து, இரண்டு மூன்று கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) தெரிந்தால் யாரும் பாடலாம் என்ற நம்பிக்கையைத் தெருத்தெருவாகக் கொண்டுபோனது அதுதான். பெரும்பாலோர் அதோடு விட்டுவிட்டார்கள். சிலர் மட்டும் இந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போய் லெட் பெல்லி என்ற கறுப்புப் பாடகரிடமும் ப்ரூன்சியிடமும் சேர்ந்தார்கள். பருத்திக் காட்டைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டால், ஒன்றும் தெரியாது, நிறையக் கற்பனைதான். அதே நேரம் இதையும் பாருங்கள். மடி வாட்டர்ஸ் வருவதற்குச் சில வாரம் முன்புதான் லண்டன் நாட்டிங் ஹில்லில் வெள்ளைக்கார இளைஞர்கள் கும்பல் கும்பலாகப் போய்க் கரீபியர்களை அடித்தார்கள். அந்தச் சூழலில் ஒரு கறுப்பரின் விரல்களை வாய்பிளந்து பார்த்துக் கற்றுக்கொண்ட பையன்களை நான் சும்மா கற்பனாவாதிகள் என்று தள்ளிவிட மாட்டேன்.

வேலைவெட்டி இல்லாதவர்கள் என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இந்தக் கிதார் வாசிப்பில் வலது கட்டைவிரல் தடித்த தந்திகளில் நிற்காமல் தாளம் போட வேண்டும். அதே கையின் மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளில் மெட்டை வாசிக்க வேண்டும், அதுவும் தாளத்துக்குச் சற்று முன்னும் பின்னும் விழுகிற மாதிரி. இதற்கு மேல் வாயால் பாட வேண்டும். நொட்டேஷன் கிடையாது. ரெக்கார்டில் ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்துக் கேட்டுப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தெரிந்தவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பார்க்க வேண்டும். சிட்கப் கலைக் கல்லூரியில் படித்த காலத்தில், இயேசு மாதிரி முடியும் தாடியுமாக விஸ் ஜோன்ஸ் அங்கே வந்து போவதை ரோலிங் ஸ்டோன்ஸ் கிதார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் தன் சுயசரிதையில் நினைவுகூர்கிறார். நியூகீ ஊர் முடியை மட்டும் பார்த்தது, ரிச்சர்ட்ஸ் முடியோடு விரல்களையும் பார்த்திருக்கிறார்.

ஜோன்ஸ் பெரிய நட்சத்திரம் ஆகவில்லை. 2025இல் இறந்தார், பல பத்தாண்டுகள் சின்னச் சின்ன நாட்டுப்புற இசை மன்றங்களில் வாசித்துக்கொண்டிருந்தார். இடையில், 2012இல் அமெரிக்க ராக் நட்சத்திரம் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பெர்லின் கச்சேரியில் இவர் பாட்டு ஒன்றைப் பாடினார்.

கேட்க வேண்டுமென்றால் டேவி கிரஹாம் என்ற பிரிட்டிஷ் கிதார் கலைஞரின் ‘ஆஞ்ஜி’யில் ஆரம்பியுங்கள். 1962இல் வெளிவந்தது, பாட்டு இல்லாமல் கிதார் மட்டும். அவர் அம்மா கயானாக்காரர், அப்பா ஸ்காட்லாந்துக்காரர். அப்புறம் அதையே பெர்ட் ஜான்ஷ் என்ற ஸ்காட்லாந்துக் கலைஞர் 1965இல் வாசித்ததைக் கேளுங்கள், கட்டைவிரல் எவ்வளவு முரட்டுத்தனமாக இறங்குகிறது என்று தெரியும். ப்ரூன்சியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.