வட்டத்தில் சமம் எங்கே?

அன்புள்ள அக்கா,

போன மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம் நண்பன் ஒருவன் காலி முகத்திடலில் நடந்த ட்ரம் சர்க்கிளுக்குக் கூட்டிப்போனான்; வட்டமாக உட்கார்ந்து எல்லோரும் சேர்ந்து முரசு தட்டுவதுதான் அது. நான் சின்ன வயதிலிருந்து மிருதங்கம் படித்தவன். அங்கே ஜெம்பே, ரபான், தப்பு, கவிழ்த்த பிளாஸ்டிக் வாளி என்று கையில் கிடைத்ததையெல்லாம் தட்டினார்கள். ஒத்திகை இல்லை, பாட்டும் இல்லை. ஆதி தாளம் என்று நினைத்து எண்ணத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் சமம், அதாவது தாளச் சுற்று தொடங்கும் அடி, தொலைந்துபோனது. பக்கத்தில் வாளி தட்டிய பெடியனோ ஒரு அடிகூடத் தவறவில்லை. வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது. ஆளாளுக்கு நினைத்ததை அடிப்பதை இசை என்று சொல்லலாமா? திரும்பப் போவதென்றால் மிருதங்கத்தைக் கொண்டுபோகலாமா?

ந., வெள்ளவத்தை

அன்புள்ள ந.,

இசைதான். ஆளாளுக்கு நினைத்ததை அடித்திருந்தால், அந்தப் பெடியன் தவறவிடுவதற்கு அங்கே என்ன இருந்திருக்கும்? ஏதோ ஒன்றை அவன் பிடித்துக்கொண்டிருந்தான். அது உங்களுக்குப் பிடிபடவில்லை.

என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். எட்டு அட்சர ஆவர்த்தனம், அதாவது எட்டு எண்ணிக்கைச் சுற்று, என்ற ஒன்று அங்கே யார் மனதிலும் இருந்திருக்காது. இப்படியான வட்டங்களில் இரண்டு அடியிலோ நாலு அடியிலோ ஒரு சுற்று முடிந்துவிடும், உடனே அடுத்தது தொடங்கிவிடும். நீங்கள் தேடிய சமத்தை நீங்கள் மட்டும்தான் வைத்திருந்தீர்கள். அதோடு, கொழும்பில் கைகள் சூடேறியதும் வட்டம் மெல்லப் பைலாவுக்குள் சரியும். யாரும் சொல்லிச் செய்வதில்லை. போர்த்துக்கேயர் காலத்தில் இங்கே வந்த ஆப்பிரிக்கரின் ஆட்டமும் போர்த்துக்கேயப் பாட்டும் கலந்து வளர்ந்தது அது. கலியாண வீட்டிலும், பிக்னிக் போகிற பஸ்ஸிலும், கிரிக்கெட் மைதானத்துப் பப்பரே வாத்தியக் கோஷ்டியிலும் இந்த ஊர்க்காரர் எல்லோரும் அதைக் கேட்டே வளர்கிறோம். அடி விழும் இடம் மாறாது; ஆனால் அடிக்குள்ளே நாலாக இருந்தது மூன்றாகிவிடும். உங்கள் மொழியில், சதுஸ்ரம் திஸ்ரமாகிவிடும். அந்த நேரத்திலும் சிலர் பழைய நாலை விடாமல் பிடித்திருப்பார்கள். இரண்டும் உரசும்போது எண்ணிக்கொண்டிருப்பவர்தான் முதலில் தடுமாறுவார். பெடியன் எண்ணவில்லை, கேட்டுக்கொண்டிருந்தான். நடை மாறியபோது அவனும் கூடவே மாறியிருப்பான்.

இந்த ட்ரம் வட்டத்தை ஆப்பிரிக்கச் சடங்கு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி இல்லை. ஜெம்பே மேற்கு ஆப்பிரிக்காவின் மண்டே மக்களுடையது. அவர்களுடைய ஊரில் கட்டுப்பாடு கடுமை. டுன்டுன் என்ற பெரிய முரசுகள் மெட்டைத் தாங்கும், துணை ஜெம்பேக்கள் தங்களுக்கு உரிய அடியை மாற்றாமல் வாசிக்கும், முதன்மை ஜெம்பேக்காரர் மட்டும் ஆடுபவரின் காலைப் பார்த்துக் கற்பனையாக வாசிப்பார். பயிற்சி இல்லாதவரும் வந்து உட்காரலாம் என்ற இன்றைய வட்டம் அமெரிக்காவில், சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் உருவானது. கலிஃபோர்னியாவின் ஆர்தர் ஹல் போன்றவர்கள் அதை நடத்தும் முறையை வளர்த்தார்கள். 1991இல் மிக்கி ஹார்ட் என்ற ட்ரம் கலைஞர் முதியோர் நலனுக்கான அமெரிக்க செனட் குழுவின் முன்னால் இதற்காகப் பேசினார்.

நமக்குப் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டு நேரம் சிங்கள வீடுகளில் பெரிய ரபானைப் பார்த்திருப்பீர்கள். அடியில் தணல் வைத்துத் தோலை இறுக்கிவிட்டுப் பெண்கள் சுற்றிவர உட்கார்ந்து வாசிப்பார்கள். ரபான் பதங்களை வாயால் சொல்லி அதையே கையால் அடிப்பார்கள். சொற்கட்டுச் சொல்லிப் பழகிய உங்களுக்கு அது அந்நியமாக இருக்காது. அங்கே கவனித்துப் பாருங்கள்: ஒரே தோலில் அத்தனை கைகள். எல்லோரும் எல்லா இடத்திலும் அடித்தால் இரைச்சல்தான் மிஞ்சும். ஒருத்தி கையை எடுக்கும் இடத்தில் மற்றவளின் கை விழுகிறது.

உங்களுக்குச் சிரமமாக இருக்கப்போவது இதுதான் என்று நினைக்கிறேன். தனியாவர்த்தனத்தில் மற்ற வாத்தியங்கள் உங்களுக்காக ஓய்ந்துவிடும். தாளத்தைக்கூட வேறொருவர் கையில் போட்டுக் காப்பாற்றுவார். அந்த இடம் முழுக்க உங்களுடையது, அதை நிரப்பத்தான் படித்திருக்கிறீர்கள். வட்டத்தில் யாரும் உங்களுக்காக ஓய மாட்டார்கள். அதனால் முதல் அரை மணி நேரம் இருப்பதிலேயே பெரிய முரசின் பக்கம் உட்கார்ந்து, ஒரே அடியை மாற்றாமல் அடியுங்கள். வேகமும் கூடவிடாதீர்கள். கூட்டமாக அடிக்கும்போது வேகம் தானாக ஏறும், அதைப் பிடித்து நிறுத்தும் கை அங்கே எப்போதும் தேவை. பத்து வருடம் படித்தவர் செய்தாலும் அது குறைந்த வேலை இல்லை. அப்புறம் பக்கத்தில் இருப்பவர் விடும் இடைவெளியைத் தேடி அதில் மட்டும் ஒன்றிரண்டு அடி வையுங்கள்.

படித்ததெல்லாம் வீண் என்று நினைக்க வேண்டாம். சின்னதாக ஒரு மோரா வாசித்துப் பாருங்கள், ஒரே சொற்கட்டை மூன்று தரம் வாசித்து முடிப்பதுதானே அது. முதல் தரம் யாரும் கவனிக்க மாட்டார்கள். இரண்டாம் தரம் நாலு பேர் தலை நிமிர்வார்கள். மூன்றாவது முடியும் அடியில் பெரும்பாலானோர் உங்களோடு சேர்ந்து விழுவார்கள். தாளம் என்றால் என்னவென்று தெரியாதவரின் காதுக்கும் அது எட்டும். எனக்கு அதைவிடச் சந்தோஷம் தரும் சத்தம் குறைவு.

தப்பு என்று எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். எனக்கு அதைத் தாண்ட மனமில்லை. மலையகத் தோட்டங்களில் விடியற்காலையில் ஆட்களைப் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, அழைத்தது அந்தத் தப்பு. காமன் கூத்துக்கும் சாவு வீட்டுக்கும் அதுதான். எந்தத் தோலை யார் தொடலாம், அது எந்த வாசல்வரை வரலாம் என்பதை நம் சமூகம் பிறப்பைப் பார்த்து முடிவுசெய்தது. மிருதங்கம் படித்த ஒருவரும் தப்படிக்கும் ஒருவரும் ஒரே புல்லில் உட்கார்ந்து, ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் கேட்டு வாசிப்பது நம் சபாக்களில் இன்னும் அரிது. அந்த வட்டத்தை நான் இவ்வளவு விரும்புவதற்குப் பெரிய காரணம் இதுதான். அடுத்த முறை தப்புக்காரரின் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவருடைய இரண்டு குச்சிகளில் எது கனமாக விழுகிறது, எது மெல்லத் தட்டுகிறது என்று பாருங்கள். கேட்டால் சொல்லித் தருவார்.

மிருதங்கத்தைக் கொண்டுபோக வேண்டாம். பத்து ஜெம்பேக்கு நடுவில் அதன் நாதம் உங்களுக்கே கேட்காது, பலமாக அடித்து விரல்தான் நோகும். கடற்காற்றின் ஈரத்தில் சுருதியும் நிற்காது. வெறுங்கையோடு போங்கள், பெரும்பாலும் அங்கே ஒரு முரசு மிச்சம் இருக்கும். மோதிரம் போட்டிருந்தால் உட்காரும் முன்பே கழற்றிவிடுங்கள், அது ஜெம்பேயின் தோலைக் கிழித்துவிடும்.