உறைய வைத்த தாய்ப்பாலை விமானத்தில் எடுத்துச் செல்ல முடியுமா? கையில் வைப்பதா, பெட்டியில் போடுவதா?

முடியும். கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நீங்கள் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வேலை நிமித்தமாக உள்நாட்டில்தான் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் மருத்துவரும் அல்ல, விமான நிறுவன ஊழியரும் அல்ல. மகனுக்கு ஏழு மாதம் நடந்தபோது ஐந்து நாள் பயிற்சிக்காகக் கோவையிலிருந்து டெல்லி போய், இரண்டரை லிட்டர் பாலோடு திரும்பியவள். என் தகுதி அவ்வளவுதான்.

"ஐந்து நாள் பவுடர் பால் கொடுத்தால் குழந்தை என்ன ஆகிவிடும்?" என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஒன்றும் ஆகாது. என் அக்காள் மகன் பவுடர் பாலில் வளர்ந்தவன், என்னைவிடத் திடமாக இருக்கிறான். ஆனால் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பாலை எடுக்காவிட்டால் மார்பு கட்டிக்கொள்ளும், காய்ச்சல்கூட வரலாம். எப்படியும் எடுக்கத்தான் வேண்டும். எடுத்ததைக் கழிவறைத் தொட்டியில் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. இதற்கு மேல் விளக்கம் கிடையாது.

ஓட்டல் அறையில் இருக்கும் குட்டிக் குளிர்பெட்டியை நம்பாதீர்கள். அதில் தண்ணீர் பாட்டில் சில்லென்று ஆவதே பெரிது, பால் உறையாது. முதல் நாளே சமையலறைப் பொறுப்பாளரிடம் போய்ப் பேசி, அவர்களுடைய ஃப்ரீசரில் ஒரு மூலையை வாங்கிக்கொண்டேன். மூடி போட்ட டப்பாவில் அறை எண் எழுதி வைத்தேன். பாலை அதற்கென்று விற்கும் பைகளில் 120 மில்லி வீதம் ஊற்றினேன். உறையும்போது விரியும் என்பதால் விளிம்புவரை ஊற்றக்கூடாது. பைகளைப் படுக்கப்போட்டு உறைய வைத்தால் ஓடு மாதிரித் தட்டையாக வரும், அடுக்குவது எளிது.

இதை வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "பாலை உறைய வைத்துக் கொண்டுவருகிறேன் அத்தை" என்றேன். "தயிராக்கியா கொண்டுவருகிறாய்? குழந்தைக்குப் புளிக்குமே!" என்றார் மாமியார். நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதை அன்றுதான் கவனித்தேன்.

திரும்பும் நாளில் ஒரு தெர்மாகோல் பெட்டி, உறைந்த ஜெல் பொட்டலங்கள் நான்கு, மீதி இடுக்குகளில் எல்லாம் கசக்கிய செய்தித்தாள். காற்றுக்கு இடம் விடாமல் நிரப்பினால் உருகுவது தாமதமாகும். டிரை ஐஸ் (உறைந்த கரியமில வாயு) வைக்கச் சொல்லிச் சிலர் எழுதுகிறார்கள். ஒரு பயணிக்கு 2.5 கிலோதான் உச்சவரம்பு, விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், பெட்டியில் வாயு வெளியேற வழி இருக்க வேண்டும், வெறும் கையால் தொட்டால் தோல் வெந்துபோகும். மூன்று மணி நேரப் பயணத்துக்கு இத்தனை தேவையில்லை.

கவுன்டரில் இருந்த பெண் பெட்டியைச் செக்-இன் சாமான்களோடு போடச் சொன்னார். மறுத்துவிட்டேன். துணிப்பெட்டி ஒருநாள் தாமதமாக வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம், பால் காத்திருக்குமா? ஐந்து கிலோகூட இல்லாத பெட்டி, கையில் வேறு பையும் கிடையாது. முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டார்.

அடுத்தது பாதுகாப்புச் சோதனை. திரையைப் பார்த்தவர் பெட்டியைத் தனியே எடுத்து வைத்தார். ஜெல் பொட்டலங்கள் என்னவாகத் தெரிந்தனவோ. என் இந்தி எல்லாம் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசும் அளவுதான்.

"இது என்ன?"

"தூத்." பால்.

"கிஸ்கா தூத்?" யாருடைய பால்?

பின்னால் பெண்கள் வரிசை நிற்கிறது, எதிரே தட்டில் பெல்ட்டைத் தேடும் ஆண்கள் நிற்கிறார்கள். "மேரா" என்றேன். என்னுடையது. பசுவா எருமையா என்று எதிர்பார்த்திருப்பார் போலும், அவர் முகம் சிவந்துவிட்டது. குழந்தை எங்கே என்று கேட்டார். கோயம்புத்தூர் என்றேன். அதற்குள் ஒரு பெண் காவலர் வந்து, மூடியைத் திறந்து பார்த்து, ஒரு பையைக்கூடக் கையால் தொடாமல் மூடி, ஒட்டுநாடாவை அவரே மறுபடி ஒட்டிக் கொடுத்தார். எத்தனை மாதம் என்று மட்டும் கேட்டார். விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்குக் கை நடுங்கியது.

வெளிநாடு என்றால் கணக்கு வேறு. அமெரிக்காவில் கையில் கொண்டுபோகும் திரவங்களுக்கு உள்ள 100 மில்லி கட்டுப்பாடு தாய்ப்பாலுக்கு இல்லை, குழந்தை உடன் இருக்க வேண்டியதில்லை, ஐஸ் பொட்டலமும் அனுமதி. பிரிட்டனில் திரவமாக இருந்தால் ஒரு கலத்தில் 2 லிட்டர்வரை கையில் கொண்டுபோகலாம், உறைந்திருந்தால் கையில் அனுமதி இல்லை. கிளம்பும் ஊரின் விதியைப் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கட்டுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு ஆறாது. விமான நிலையத்தில் பட்டது பத்து நிமிடம். பயிற்சி நடந்த கட்டடத்தில் ஐந்து நாளும் தாழ்ப்பாள் இல்லாத கோப்பு அறையில், கதவுக்கு முதுகை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து பால் எடுத்தேன். 2017 மகப்பேறு நலச் சட்டத் திருத்தத்திலிருந்தே ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும். எங்கள் அலுவலகத்திலும் 'காப்பகம்' என்று பலகை இருக்கிறது. உள்ளே கால் உடைந்த நாற்காலிகளும் ஆயுத பூஜைத் தோரணங்களும் இருக்கின்றன. சாவி யாரிடம் என்று கேட்டபோது, "26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தோமே அம்மா" என்று பதில் வந்தது. நான் கேட்டது சாவியைத்தானே?

வீட்டுக்கு வந்து திறந்தபோது இருபத்தொரு பைகளில் இரண்டுதான் முழுதாக உருகியிருந்தன. அப்படி உருகியதை மறுபடி உறைய வைக்கக்கூடாது. குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். கல்லாக இருந்தவை ஃப்ரீசருக்குப் போயின.

மறுநாள் காலை ஒன்றை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து உருக்கிக் கொடுத்தால், மகன் ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினான். முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாடை! சிலருடைய பாலில் கொழுப்பைச் சிதைக்கும் லைபேஸ் என்ற நொதி மிகுந்திருக்குமாம். உறைய வைத்தாலும் அது வேலையை நிறுத்தாது. பால் கெட்டுப்போனதில்லை, குடித்தால் தீங்கும் இல்லை, ஆனால் குழந்தைக்கு அதெல்லாம் புரியுமா? உறைய வைக்குமுன் ஓரத்தில் குமிழி வரும்வரை சூடாக்கி ஆறவைத்திருந்தால் வாடை வந்திருக்காது. இதை எனக்கு முன்பே யாரும் சொல்லவில்லை. ஊருக்குப் போகுமுன் வீட்டில் எடுத்து வைத்திருந்த பால், எடுத்த ஓரிரு நாளில் தீர்ந்துகொண்டிருந்ததால் தெரியாமல் போயிற்று. நீங்கள் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே ஒரு பையை உறைய வைத்து, உருக்கி, முகர்ந்து பார்த்துவிடுங்கள்.

அத்தைதான் வழி கண்டுபிடித்தார். கேழ்வரகுக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, ஆறிய பின் அந்தப் பாலை ஊற்றிக் கலக்கினார். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டான். மூன்று வாரம் ஓடியது. தினமும் காலையில் ஃப்ரீசரைத் திறந்து, "டெல்லித் தயிர் இன்னும் எத்தனை இருக்கிறது?" என்று எண்ணிக்கொண்டிருந்தார்.