டோக்கியோவில் வீட்டுக்குள்ளேயே இவ்வளவு குளிர்வது ஏன்? குழந்தைகளோடு எப்படிச் சமாளிப்பது?

ஜனவரியில் டோக்கியோவின் சராசரி வெப்பநிலை 5 டிகிரிக்குச் சற்று மேல்தான். சிக்கல் வீட்டில் இருக்கிறது. பழைய வாடகை வீடுகளில் அலுமினியச் சட்டம், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல். ஆள் இருக்கும் அறையை மட்டும் சூடாக்குவதுதான் இங்கே வழக்கம். ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் வெளியே பனி கொட்டினாலும் இரட்டை ஜன்னலும் நல்ல ஹீட்டரும் உண்டு, உள்ளே கதகதப்பாக இருக்கும். வீட்டுச் சூடு வெளியே போகாதபடி கட்டச் சொல்லும் ஆற்றல் சேமிப்பு விதி புது வீடுகள் எல்லாவற்றுக்கும் கட்டாயமானதே 2025 ஏப்ரலில்தான்.

எங்கள் வீட்டில் குளிர்காலம் முழுக்கக் கொதாட்சுதான்: அடியில் ஹீட்டர் பொருத்திய தாழ்வான மேசை, மேலே கனத்த போர்வை. பிள்ளைகளின் வீட்டுப்பாடம், சாப்பாடு, சண்டை எல்லாம் அதைச் சுற்றியே. ஆனால் அதற்குள் தூங்க விடாதீர்கள். மிதமான சூடுகூட நெடுநேரம் பட்டால் தோல் வெந்துவிடும்.

மண்ணெண்ணெய் ஹீட்டர் வாங்குமுன் வாடகை ஒப்பந்தத்தைப் பாருங்கள், பல அடுக்குமாடிகளில் அனுமதி இல்லை. அனுமதி இருந்தாலும் அடிக்கடி ஜன்னலைத் திறந்து காற்றை மாற்ற வேண்டும்.

அப்புறம், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்குவதாக இருந்தால் குளியலறையில் மிகவும் கவனம். குளிர்ந்த அறையிலிருந்து சட்டென்று வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்கினால் ரத்த அழுத்தம் தடுமாறும், முதியவர்கள் மயங்கி மூழ்கிவிடும் ஆபத்து உண்டு. உடை மாற்றும் இடத்தை முன்பே சூடாக்குங்கள், தொட்டி நீர் 41 டிகிரியைத் தாண்ட வேண்டாம்.