ஹாம் வானொலி கேள்வி–பதில்: திரையில் ஒரு அதிர்வெண், காதில் இன்னொன்று

கேள்வி (குடியாத்தம் வாசகர்): அதிர்வெண்ணை உண்டாக்கும் எஸ்ஐ570 ஆஸிலேட்டர் சில்லை, ஏடிடைனி85 என்ற சிறு கட்டுப்பாட்டுச் சில்லு வழியாகக் கணினியின் யூஎஸ்பியில் இணைத்து, சாஃப்ட்ராக் முறையில் (அலையைச் சவுண்டு கார்டு வழியாக வாங்கிக் கணினி மென்பொருளே குரலாக்கும் முறை) ஒரு ரிசீவர் கட்டியிருக்கிறேன். 7.100 மெகாஹெர்ட்ஸில் பேசும் வேலூர் நண்பரின் குரல் என் திரையில் 7.0965 என்ற இடத்தில்தான் கிடைக்கிறது. வடிகட்டியை மாற்றிக்கொண்டு 14 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் வித்தியாசம் ஏழு கிலோஹெர்ட்ஸாகிவிடுகிறது. எஸ்ஐ570 சில்லு பழுதா?

பதில்: சில்லில் பழுது இல்லை. 7 மெகாஹெர்ட்ஸில் மூன்றரை, 14 மெகாஹெர்ட்ஸில் ஏழு என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டு எண்களே பிழை எங்கே என்று காட்டிவிடுகின்றன. சவுண்டு கார்டிலோ மென்பொருளின் மற்ற அமைப்புகளிலோ தவறு இருந்தால் வித்தியாசம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக நிற்கும். அதிர்வெண் இரட்டிக்கும்போது பிழையும் இரட்டிக்கிறது என்றால், மென்பொருள் தன் கணக்கின் அடியில் எடுத்துக்கொள்ளும் கிரிஸ்டலின் (நிலையான அதிர்வெண்ணில் துடிக்கும் படிகத்தின்) மதிப்பு தவறு என்றே பொருள்.

எஸ்ஐ570க்குள் 114.285 மெகாஹெர்ட்ஸ் என்று சொல்லப்படும் ஒரு கிரிஸ்டல் இருக்கிறது. அதை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கி 4850 முதல் 5670 மெகாஹெர்ட்ஸுக்குள் ஓர் உள் அதிர்வெண்ணை உண்டாக்கி, பிறகு இரண்டு வகு எண்களால் வகுத்து நமக்கு வேண்டியதை வெளியே தருகிறது. ஆனால் 114.285 என்பது பெயரளவு மதிப்புதான்; சில்லுக்குச் சில்லு அது பத்து லட்சத்தில் 2000 பங்குவரை விலகலாம். தொழிற்சாலையில் ஒவ்வொரு சில்லையும் அளந்து, அதன் கிரிஸ்டலுக்கு ஏற்ற பெருக்கெண்ணையும் வகு எண்களையும் உள்ளேயே பதித்து அனுப்புகிறார்கள். மின்சாரம் கொடுத்தவுடன், வேறு எந்தக் கட்டளையும் அனுப்புவதற்கு முன்பு, 7 முதல் 12 வரையுள்ள ஆறு பதிவகங்களை (சில்லின் உள் நினைவு இடங்களை)ப் படித்தால் அந்த எண்கள் கிடைக்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். உங்கள் சில்லின் தொடக்க அதிர்வெண் 56.320 மெகாஹெர்ட்ஸ் என்றும், படித்த வகு எண்கள் 11, 8 என்றும், பெருக்கெண் 43.345 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 56.320ஐ 88ஆல் பெருக்கினால் 4956.16; அதை 43.345ஆல் வகுத்தால் 114.342. இதுதான் உங்கள் கிரிஸ்டலின் உண்மையான மதிப்பு. பெயரளவிலிருந்து பத்து லட்சத்தில் 500 பங்கு அதிகம், 7.1 மெகாஹெர்ட்ஸில் அது சரியாக நீங்கள் கண்ட மூன்றரைக் கிலோஹெர்ட்ஸ். உங்கள் சில்லில் படித்த எண்களைக் கொண்டு இதே கணக்கைப் போட்டு, வரும் விடையை மென்பொருளின் கிரிஸ்டல் கட்டத்தில் எழுதிவிட்டால் 7, 14 இரண்டும் ஒன்றாகச் சரியாகும். ஒரு நிலையத்தைக் கேட்டுக்கொண்டே திரையில் ஒரு எண்ணைக் கூட்டிக் குறைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. அது அந்த ஓர் அதிர்வெண்ணுக்கு மட்டும் செய்யும் ஒட்டு வேலை என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

இதற்குப் பிறகு எஞ்சும் சிறு பிழையைத் திருத்த, 10 அல்லது 15 மெகாஹெர்ட்ஸில் துல்லியமாக வரும் சீனாவின் பிபிஎம் நேரக்குறி நிலையத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் ரிசீவரைப் போட்டவுடன் அளக்காதீர்கள். சில்லு சுமார் 90 மில்லியாம்பியர் இழுப்பதால் விரல் வைத்தால் வெதுவெதுப்பு தெரியும் அளவுக்குச் சூடாகும். அக்கினி நட்சத்திரத்தின்போது சத்துவாச்சாரியில் ஓட்டு வீட்டின் மேசையில் வைத்து நான் அவசரமாகத் திருத்திய ரிசீவர், மாலையில் அறை ஆறியதும் நூறு ஹெர்ட்ஸை ஒட்டி நகர்ந்திருந்தது. கால் மணி நேரம் ஓடவிட்டு, அறைச் சூடு நிலையாக இருக்கும் நேரத்தில் அளவெடுப்பதே நல்லது. சுருளும் கண்டென்சரும் வைத்த பழைய விஎஃப்ஓவில் (திருகி அதிர்வெண் மாற்றும் ஆஸிலேட்டரில்) இதே வெயில் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

கேள்வி (காட்பாடி வாசகர்): அதே சில்லுதான் என்னிடமும் உள்ளது. திருகிக்கொண்டே போனால் ஏறக்குறைய 25 கிலோஹெர்ட்ஸுக்கு ஒருமுறை ஹெட்போனில் 'டக்' என்று ஒரு சத்தம் வருகிறது. எதனால்?

பதில்: உங்கள் காது நன்றாக அளந்திருக்கிறது. மைய அதிர்வெண்ணிலிருந்து இருபுறமும் பத்து லட்சத்தில் 3500 பங்குவரை நகர்ந்தால் இந்தச் சில்லு வெளியீட்டை நிறுத்தாமலே மாறும். அதைத் தாண்டினால் உள் ஆஸிலேட்டரை உறையவைத்து, புதிய எண்களை எழுதி, மீண்டும் ஓடவிட வேண்டும். நிலைபெற 10 மில்லிசெகண்டுவரை ஆகலாம். ஒன்றுக்கொன்று கால் சுற்று (90 பாகை) கட்டம் தள்ளிய இரண்டு அலைகளைப் பெறுவதற்காக 74ஏசி74 என்ற வகுக்கும் சில்லு எஸ்ஐ570இன் அதிர்வெண்ணை நான்கால் வகுப்பதால், 7.1க்கு உங்கள் சில்லு 28.4 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. அதன் 3500 பங்கு 99.4 கிலோஹெர்ட்ஸ், நான்கால் வகுத்தால் 24.85. நீங்கள் கேட்கும் 'டக்' அதுதான். நொடிக்கு 96 ஆயிரம் மாதிரிகள் எடுக்கும் (96 கிலோஹெர்ட்ஸ்) சவுண்டு கார்டு இருந்தால், ஆஸிலேட்டரை 7.100இல் அசையாமல் நிறுத்திவிட்டு, இருபுறமும் 40 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் மென்பொருளிலேயே திருகிக் கேட்கலாம், சத்தமே வராது.

கேள்வி (ஆற்காடு வாசகர்): எஸ்ஐ570க்குப் பதிலாக, விலை குறைந்த எஸ்ஐ5351 சில்லு போதுமா? அதை ஆர்டுயினோ ஊனோ கட்டுப்பாட்டுப் பலகையில் நேரடியாக இணைக்கலாமா?

பதில்: 7 மெகாஹெர்ட்ஸ் ரிசீவருக்குத் தாராளமாகப் போதும். கட்ட இரைச்சல் (அலை சீராக இல்லாமல் நடுங்குவதால் வரும் இரைச்சல்) எஸ்ஐ570இல் குறைவு; ஆனால் எஸ்ஐ5351இன் மூன்று வெளியீடுகளில் இரண்டை 90 பாகை தள்ளி நேரடியாகவே எடுக்கலாம் என்பதால் 74ஏசி74 தேவைப்படாது. உள் அதிர்வெண் 600 முதல் 900 மெகாஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும், கட்டத் தள்ளலுக்கான வகு எண் 126ஐத் தாண்டக் கூடாது என்பதால், 4.8 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இந்த வசதி வரையறைக்குள் கிடைக்காது. 80 மீட்டர் அலைவரிசையும் (3.5 மெகாஹெர்ட்ஸ்) வேண்டுமென்றால் 74ஏசி74ஐ வைத்தே கட்டுங்கள்.

ஊனோ 5 வோல்ட்டில் ஓடுகிறது. சில்லோடு இரண்டு கம்பிகளில் பேசும் அதன் ஐ2சி நிரல் நூலகம் அந்த இரண்டு கம்பிகளையும் உள்ளிருந்தே 5 வோல்ட்டுக்கு இழுத்துவிடும். எஸ்ஐ5351 சில்லு 3.3 வோல்ட்டுக்கானது. நீங்கள் வாங்கும் எஸ்ஐ5351 பலகையில் மட்ட மாற்றி (5 வோல்ட், 3.3 வோல்ட் இரண்டுக்கும் நடுவே மாற்றித் தரும் சுற்று) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் தனியாக ஒன்றைச் சேர்த்த பிறகே மின்சாரம் கொடுங்கள்.