மாமிக்குப் பசுபதிநாதர், மருமகளுக்கு மலை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நான் திருகோணமலையில் ஆசிரியை. பள்ளிக்கூட லீவில் இவரும் நானும் மாமியும் காத்மாண்டு போக யோசிக்கிறோம். மாமிக்குப் பசுபதிநாதரைக் கும்பிட வேணும், எங்களுக்கு மலை ஏற ஆசை. மாமிக்கு முழங்கால் வருத்தம், படி ஏற ஏலாது. ஒரு கிழமைதான் கைவசம். எவரெஸ்ட் பக்கம் போய்வரலாமா? ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர், எந்த லீவு நல்லது? (வாசகி, உப்புவெளி)

பதில்: எவரெஸ்ட்டை இந்த முறை விட்டுவிடுங்கள் தங்கச்சி. அடிவார முகாமே 5364 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உடம்பை அந்த உயரத்துக்குப் பழக்கிப் பழக்கி நடந்து திரும்ப இரண்டு கிழமை அளவில் வேண்டும். ஒரு கிழமையில் முடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் காசைக் கொடுக்காதீர்கள். காத்மாண்டுவே ஏறத்தாழ 1400 மீட்டரில் இருக்கிற பள்ளத்தாக்கு, சுற்றிவர மலை, விடிய வெளிக்கிட்டால் பின்னேரம் ஹோட்டலுக்குத் திரும்பிவிடலாம். அதுதான் உங்களுக்குச் சரி.

லீவைப் பொறுத்தவரை என் ஓட்டு டிசம்பருக்கு. ஓகஸ்ட் அங்கே நல்ல மழைக்காலம், பாதையெல்லாம் வழுக்கும், அட்டை கடிக்கும், மலையை மேகம் மூடியிருக்கும். ஏப்ரலில் சிவப்பு லாலிகுராஸ் பூ மலையெங்கும் பூத்திருக்கும், அது வடிவுதான், ஆனால் தூசியும் புகையும் சேர்ந்து பனிமலையை மறைத்துவிடுகிற நாட்கள் அதிகம். டிசம்பரில் நம்மூரில் மாரி மழை கொட்டிக்கொண்டிருக்க அங்கே வானம் காய்ந்து தெளிந்திருக்கும். குளிர் மட்டும் கடுமை. விடியற்காலையில் இரண்டு மூன்று பாகைக்கு இறங்கும், மலிவான ஹோட்டல்களில் ஹீட்டரை எதிர்பார்க்க முடியாது. மாமிக்குக் கம்பளிக் காலுறையும் சுடுதண்ணீர்ப் பையும் கட்டாயம். காலையில் பள்ளத்தாக்கைப் புகார் மூடி விமானங்கள் தாமதிப்பதும் உண்டு, அதனால் திரும்பும் பயணத்தில் அடுத்த விமானத்துக்கு ஒரு மணித்தியாலம்தான் இடைவெளி என்கிற மாதிரி டிக்கெட் எடுக்காதீர்கள்.

முதல் இரண்டு நாளும் நகரத்தில் நில்லுங்கள். பசுபதிநாதருக்குக் காலையில் போவது நல்லது. பிரதான கோயிலுக்குள் இந்துக்களுக்கு மட்டும்தான் அனுமதி, தோல் பெல்ட்டும் தோல் பேர்ஸும் உள்ளே கொண்டுபோகக் கூடாது, படமும் எடுக்கக் கூடாது. மூலவர் நான்கு முகம் கொண்ட லிங்கம், நான்கு வாசல், பூசை செய்கிற பட்டர்கள் கர்நாடகத்திலிருந்து வருகிறவர்கள். வாசலில் தங்கக் கவசம் போட்ட பெரிய நந்தியைப் பார்த்ததும் மாமிக்கு முழங்கால் நோவே மறந்துபோகும். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: கோயிலை ஒட்டி ஓடும் பாக்மதி ஆற்றங்கரையில் நாள் முழுக்கப் பிணம் எரியும், அந்தப் பக்கம் போனால் கண்ணில் படாமல் இராது. சிலருக்கு அது மனதைப் போட்டு அமுக்கும்.

குன்றின்மேல் இருக்கிற பௌத்தத் தூபியான சுயம்புநாத்தின் கிழக்குப் பக்கத்தில் 365 படி, மாமியைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போக வேண்டாம். டாக்ஸிக்காரரிடம் மேற்குப் பக்கம் என்று சொன்னால் கிட்டத்தட்ட மேலேயே இறக்கிவிடுவார். பள்ளத்தாக்கிலேயே இருக்கிற பழைய நகரம் பக்தபூர், அதற்கு ஒரு முழு நாள் கொடுங்கள். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் அந்த ஊரில் எத்தனையோ கோயிலும் வீடும் விழுந்தன, 1702இல் கட்டிய ஐந்தடுக்கு நியாதபோல கோயில் நின்றுவிட்டது. 1934இல் வந்த பெரிய நடுக்கத்திலும் அது விழவில்லை. அடித்தளத்தைப் பார்த்தால் ஏனென்று கொஞ்சம் விளங்கும்.

இனி மலை. உங்கள் இருவருக்கும் சிவபுரி. உச்சி 2732 மீட்டர், நம் நாட்டின் ஆக உயர்ந்த பிதுருதலாகலையே 2524தான். அடிவாரத்திலுள்ள பூதாநீலகண்டாவிலிருந்து ஏற வேண்டும். அங்கே குளத்துக்குள் ஆதிசேடன் மேல் மல்லாந்து கிடக்கிற கருங்கல் விஷ்ணு இருக்கிறார், நேபாள மன்னர்கள் மட்டும் அவரைப் பார்க்கக் கூடாது என்றொரு வழக்கம் இருந்தது. நீங்கள் மன்னர் இல்லை, பார்த்துவிட்டே ஏறுங்கள். ஏற்றம் 1200 மீட்டர் அளவில் வரும், நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதம் ஏறியிருந்தால் அதைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். நாகி கோம்பா என்கிற பிக்குணிகளின் மடம் தாண்டிய பிறகு கற்படி தொடர்ந்து வரும், மூச்சு வாங்கும். உச்சிக்குக் கீழே பாக்துவார் என்றொரு இடம். புலிவாய் மாதிரிச் செதுக்கிய கல்லிலிருந்து தண்ணீர் விழும், கையைக் கொடுத்தால் விறைத்துவிடும். பசுபதிநாதர் கோயிலடியில் கறுத்து ஓடுகிற பாக்மதிக்கு ஊற்று அதுதான், ஒரு போத்தலில் பிடித்து மாமிக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். வானம் வெளித்திருந்தால் உச்சியில் லாங்டாங், கணேஷ் ஹிமால் பனிமலைகள் வரிசையாகத் தெரியும்.

சிவபுரி ஒரு தேசியப் பூங்கா. சார்க் நாட்டவரான நமக்குக் கட்டணம் குறைவு, கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். இருவர் மட்டும் போகாமல் ஒரு வழிகாட்டியைக் கூட்டிப் போங்கள். டிசம்பரில் ஐந்து மணி கழிந்ததும் பொழுது பட்டுவிடும், காலை ஏழுக்கெல்லாம் நடக்கத் தொடங்கினால்தான் நல்லது. மேலே கடையை நம்பாமல் தண்ணீரும் சாப்பாடும் கட்டிக்கொண்டு போங்கள்.

அப்போ மாமிக்கு மலை இல்லையா என்று இவர் கேட்பார். இருக்கிறது, இன்னொரு நாள் மூவருமாகச் சந்திரகிரிக்குப் போங்கள். 2016இல் திறந்த கேபிள் கார், பத்து நிமிடத்துக்குள் 2500 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விடும், அங்கே பாலேஸ்வர் மகாதேவர் கோயிலும் உண்டு. சனிக்கிழமை மட்டும் வேண்டாம், அங்கே அன்று வார விடுமுறை, சனம் குவியும்.

விசா: சார்க் நாட்டவருக்கு அந்த ஆண்டின் முதல் வருகை என்றால் 30 நாள் விசாவுக்குக் கட்டணம் இல்லை, விமான நிலையத்திலேயே குத்துவார்கள். டிக்கெட் எடுக்க முன் தூதரகத்தில் ஒருதரம் விசாரித்துவிடுங்கள். மணிக்கூட்டை 15 நிமிடம் முன்னே தள்ளி வையுங்கள், நேபாள நேரம் அப்படி.

கேள்வி: மலை ஏறப் புதுச் சப்பாத்து வாங்க வேண்டுமா? பயிற்சிக்குக் கடற்கரையில் ஓடினால் போதுமா? (வாசகர், திருகோணமலை நகர்)

பதில்: வாங்குவதென்றால் இப்போதே வாங்கிப் போட்டு நடங்கள் தம்பி. புதுச் சப்பாத்தோடு மலையில் ஏறினால் குதிக்காலில் கொப்புளம் நிச்சயம். இறங்கும்போது விரல் முன்னால் இடிக்காதபடி அரை அளவு பெரிதாக எடுங்கள். கடற்கரை ஓட்டம் மூச்சுக்கு நல்லது, ஆனால் தட்டையான மணலில் ஓடி முழங்காலை இறக்கத்துக்குப் பழக்க முடியாது. பிரெட்ரிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை ஏறி இறங்குங்கள், முதுகில் தண்ணீர்ப் போத்தல்களோடு, ஒரே மூச்சில் பல தடவை. மான்கள் பார்த்துக்கொண்டு நிற்கும், பரவாயில்லை.

கேள்வி: நாங்கள் சைவம். நேபாளத்தில் சாப்பாடு கிடைக்குமா? (வாசகி, நிலாவெளி)

பதில்: தாராளமாக. சோறு, பருப்பு, கீரை, ஊறுகாய், அதுதான் அவர்களுடைய தால்பாத், கேட்கக் கேட்கப் போடுவார்கள். மோமோ என்கிற அவித்த கொழுக்கட்டையில் மட்டும் கவனம், காத்மாண்டுவில் அதற்குள் எருமை இறைச்சி வைப்பது சர்வசாதாரணம், வெஜ் என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பக்தபூரில் மண்சட்டியில் விற்கிற ஜுஜு தௌ தயிரைச் சாப்பிடாமல் வராதீர்கள். நம்மூர் எருமைத் தயிரைவிட இனிப்பு, பாணி ஊற்றத் தேவையில்லை.