நாலரை மணிக்கு வருகிற கோபம்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. பள்ளியில் அவன் இருக்கிற இடமே தெரியாது என்கிறார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் வேறு ஆள். பையை வீசுவான், செல்போன் கேட்பான், இல்லையென்றால் என்னை அடிப்பான். எழுத உட்காரவைத்தால் நோட்டைக் கிழிக்கிறான். ஐந்து மாதமாக இப்படி. அடித்தும் பார்த்துவிட்டேன். மாமியார், "அவங்கப்பனும் முன்கோபிதான், வளந்தா சரியாப்போயிரும்" என்று சொல்லி போனைக் கையில் கொடுத்துவிடுகிறார். இளைப்புக்கு ராத்திரி மருந்து தருவதைத் தவிர உடம்புக்கு ஒன்றுமில்லை. டாக்டரிடம் போனால் மனநோய் என்று முத்திரை குத்திவிடுவார்களோ என்று பயம். போக வேண்டுமா, காத்திருக்கலாமா?

ஒரு வாசகி, நாமக்கல்

அன்புள்ள வாசகிக்கு,

போக வேண்டும். ஆனால் முதலில் மனநல மருத்துவரிடம் அல்ல, வழக்கமாகக் காட்டுகிற குழந்தை மருத்துவரிடம். காரணம், நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்ட அந்த இளைப்பு மருந்து. சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் மான்டிலூகாஸ்ட் என்ற பெயர் இருந்தால் கேட்டே ஆக வேண்டும். சில குழந்தைகளுக்கு அது எரிச்சல், ஆக்ரோஷம், கெட்ட கனவு, தூக்கக்கேடு தருகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 மார்ச்சில் கடும் எச்சரிக்கை விடுத்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படி ஆவதில்லை. நீங்களாக நிறுத்தவும் கூடாது, இளைப்பு கூடிவிடும். மருந்து தொடங்கிய தேதியும் கோபம் தொடங்கிய மாதமும் ஒட்டி வருகிறதா என்று மட்டும் குறித்துக்கொண்டு போங்கள்.

அதே நடையில் இன்னும் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். இரவில் வாயைத் திறந்து குறட்டை விடுகிறானா? இந்த வயதில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். மூக்கடைப்பால் தூக்கம் துண்டுபட்டால் மறுநாள் முழுக்க சிடுசிடுப்புதான். ரத்தசோகை, மலச்சிக்கல், காது, கண் இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பள்ளியில் சாது, வீட்டில் புலி என்பதை நடிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏழு மணி நேரம் அடக்கிவைத்தது, பயமில்லாத இடத்தில் அவிழ்கிறது. சாப்பாட்டு டப்பா பாதி மிச்சத்தோடு வருகிறதா என்று பாருங்கள். அப்படியானால் அந்த நாலரை மணிக் கோபத்தில் ஒரு பங்கு பசி. வாசலிலேயே "இன்னிக்கு என்ன எழுதிப்போட்டாங்க?" என்று ஆரம்பிக்காமல் ஒரு வாழைப்பழமும் தண்ணீரும் கொடுத்து, அரைமணி நேரம் கேள்வியே கேட்காமல் விடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். நேரம், அதற்குச் சற்றுமுன் நடந்தது, அவன் செய்தது, எத்தனை நிமிடம், எதனால் அடங்கியது. "செவ்வாய் 4.50, போன் இல்லை என்றேன், அடித்தான், 12 நிமிடம், பாட்டி போன் கொடுத்ததும் நின்றது." இப்படி ஒரு வரி போதும். கடைசிக் கட்டம்தான் முக்கியம். அடித்தால் போன் கிடைக்கிறது. போன் கொடுத்தால் சத்தம் நிற்கிறது. இருவருக்குமே உடனடிப் பலன், அதனால் இருவருமே மறுநாளும் அதையே செய்வார்கள். இதில் பேரனுக்கு மட்டுமல்ல, பாட்டிக்கும் பழக்கம் பிடித்திருக்கிறது.

நிறுத்துவதென்றால் வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் நிறுத்த வேண்டும். முதல் சில நாள் கோபம் கூடும், குறையாது. இத்தனை நாள் பலித்தது பலிக்காதபோது இன்னும் ஓங்கிச் செய்து பார்ப்பான். ஐந்தாம் நாள் தாங்காமல் கொடுத்துவிட்டால், ஐந்து நாள் கத்தினால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வான். முழுவதும் பிடுங்கவும் வேண்டாம். சாப்பிட்ட பிறகு ஒரு கார்ட்டூன், அது முடிந்தால் போன் அலமாரியில். அடுத்தது தானாக ஓடும் வசதியை அணைத்துவையுங்கள். கடைசி இரண்டு நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பாருங்கள், சட்டென்று பிடுங்கினால் அங்கேயே ஆரம்பித்துவிடும்.

கோபம் உச்சியில் இருக்கும்போது அறிவுரை ஏறாது. பேச்சைக் குறையுங்கள். அடிக்க வந்தால் கையைத் தடுத்து, "அடிக்க விடமாட்டேன், இங்கதான் இருக்கேன்" என்று தாழ்ந்த குரலில் ஒரே தடவை. எறியக்கூடியதை அப்புறப்படுத்திவிட்டு இரண்டடி தள்ளி உட்காருங்கள். அடங்கியதும் தண்ணீர், பிறகு இறைந்ததைச் சேர்ந்தே பொறுக்குவது. பேச்சு ராத்திரிக்கு. தலையணையைக் குத்தி ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள் என்று சொல்லாதீர்கள். அது கோபத்தைக் குறைப்பதில்லை, கை ஓங்கப் பயிற்சிதான் தருகிறது. நீங்கள் அடித்ததும் அப்படித்தான். கோபம் வந்தால் பெரியவர்கள் அடிப்பார்கள் என்பதைத்தான் பார்த்துக்கொண்டான்.

நல்ல மனநிலையில் இருக்கும்போது ஒத்திகை பாருங்கள். "நான் சும்மா போன் இல்லன்னு சொல்றேன், நீ கோபப்படு, ஆனா கை கீழ இருக்கணும்." விளையாட்டாக தினம் இரண்டு தடவை. செய்தால் உடனே, "கோபம் வந்தும் கையக் கீழயே வெச்சிருந்தியே!" என்று அதைக் குறிப்பிட்டே சொல்லுங்கள். "நல்ல பையன்" என்று பொதுவாகச் சொன்னால் எதற்கென்று அவனுக்குத் தெரியாது.

நோட்டுக் கிழிப்பதுதான் எனக்கு அதிக யோசனை தருகிறது. போன வருடத் தமிழ்ப் பாடநூலில் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாசித்தால் கதையைச் சரியாகச் சொல்கிறான், தானே வாசித்தால் எழுத்தெழுத்தாகத் திணறுகிறான், முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிக்கிறான் என்றால் அது சோம்பலோ திமிரோ அல்ல. முடியாததை மறைக்க வெட்கத்தைவிடக் கோபம் வசதி. கற்றல் குறைபாட்டைப் பொதுவாக எட்டு வயதை ஒட்டித்தான் உறுதிசெய்வார்கள், ஆனால் உதவியை அதற்கு முன்பே தொடங்கலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதற்கும் இடமுண்டு.

வளர்ந்தால் சரியாகும் என்று மாமியார் சொல்வது இரண்டு மூன்று வயதுக்கு ஓரளவு உண்மை. அந்த வயது அடம் பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பள்ளிக்கு முந்தைய வயதிலேயே கூட, வழக்கமாக 25 நிமிடத்தைத் தாண்டினால், பாதிக்கு மேற்பட்ட தடவை ஆளை அடித்தால், தன்னையே கடித்துக்கொண்டால், யாராவது சமாதானப்படுத்தாமல் அடங்கவே முடியாவிட்டால் காட்டியாக வேண்டும். ஏழு வயதில் வாரம் மூன்று தடவைக்கு மேல், மாதக்கணக்கில் என்றால் காத்திருப்பதற்கில்லை. வெடிப்புக்கு இடைப்பட்ட நேரத்தில் எப்படி இருக்கிறான் என்பதையும் பாருங்கள். சிரித்து விளையாடினால் ஒரு கணக்கு. நாள் முழுக்க முகம் சுளித்தே இருந்தால் வேறு கணக்கு. குழந்தைகளிடம் மனச்சோர்வு அழுகையாக இல்லாமல் எரிச்சலாகவும் வரும்.

சிலவற்றுக்கு இரண்டு வார நோட்டெல்லாம் கிடையாது, அன்றைக்கே போக வேண்டும்: செத்துப்போகிறேன் என்கிற பேச்சு, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, கத்தி எடுப்பது, நெருப்பு வைப்பது, பிராணிகளை வதைப்பது, வெறித்துப் பார்த்துவிட்டு நடந்ததே நினைவில்லை என்பது. நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்புவது, குறிப்பிட்ட ஓர் ஆளைக் கண்டு ஒளிவது என்றால் யாரோ அவனுக்குத் தீங்கு செய்கிறார்களா என்று நிதானமாக விசாரியுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098 அதற்குத்தான்.

முத்திரை பற்றி. இந்த வயது அடம், அடிதடிக்கு முதல் சிகிச்சை பெரும்பாலும் மாத்திரை அல்ல, பெற்றோருக்கான பயிற்சி. மேலே சொன்னவற்றையே வாராவாரம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கிற மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம் (DEIC) எங்கே என்று அரசு மருத்துவமனையில் கேளுங்கள், 18 வயதுவரை பார்க்கிறார்கள், செலவில்லை. முதலில் போனில் கேட்பதென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம். முடிந்தால் மாமியாரையும் கூட்டிப்போங்கள். போனைக் கொடுக்காதீர்கள் என்று நீங்கள் சொல்வதும் வெள்ளைக்கோட்டு சொல்வதும் அவருக்கு ஒன்றாக இருக்காது.