ஏழை நாடுகளில் உயர் அழுத்த மின்பாதை போட ஏன் இவ்வளவு செலவாகிறது?

கூலி குறைவான நாடுகளில் மின்பாதைச் செலவு ஏன் எகிறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். என் பார்வையில் முதல் காரணம் கம்பியோ கோபுரமோ அல்ல, தாமதம்.

கென்யாவைப் பாருங்கள். துர்கானா ஏரிப் பக்கம் 365 காற்றாலைகள், மொத்தம் 310 மெகாவாட், 2017-லேயே தயார். ஆனால் அந்த மின்சாரத்தை சுஸ்வா துணைமின் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டிய, 400 கிலோமீட்டருக்கும் நீளமான பாதை முடியவில்லை. கோபுரம் நிற்கும் இடத்துக்கும் கம்பி போகும் நிலத்துக்கும் இழப்பீடு பேசுவதிலேயே காலம் ஓடியது. நடுவில் ஒப்பந்தம் எடுத்திருந்த ஸ்பெயின் நிறுவனமும் நொடித்துப்போனது. சீன நிறுவனங்கள் வந்து 2018 செப்டம்பரில்தான் முடித்தன. காற்றாலைகள் சும்மா நின்ற காலத்துக்கு ஒப்பந்தப்படி இழப்பீடு தர வேண்டியது கென்யாவின் தலையில் விழுந்தது.

அடுத்தது கடன். வாங்குவது டாலரிலோ யூரோவிலோ. மின்கட்டணம் வசூலாவது கென்ய நாணயமான ஷில்லிங்கில். ஷில்லிங் சரிந்தால், புதிதாக ஒரு கம்பிகூட இழுக்காமலே செலவு கூடும்.

காற்றாலையை நம்பிய பாதை, காற்று ஓய்ந்த நேரத்தில் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். அதனால் பாதைச் செலவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு விழும் பங்கும் அதிகம்.